பழைய மெசஞ்சர் ஏன் லாகின் ஆவதில்லை? வெர்ஷன் நம்பருக்குப் பின்னால் இருக்கும் அதிகாரம்

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களுக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. பிளைவுட் தடுப்பு, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று எழுதி ஒட்டிய காகிதம், டேப் சுற்றிய ஹெட்போன். உள்ளே யாராவது ஒருவர், துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணனிடம் யாஹூ மெசஞ்சரில் பேசிக்கொண்டிருப்பார். "கேக்குதாண்ணா... கேக்குதா?" என்ற குரல் கடை முழுக்கக் கேட்கும். அந்தப் பக்கம் சத்தமே இல்லையென்றால் இருக்கவே இருக்கிறது 'பஸ்' பட்டன். தட்டினால் எதிர்முனையில் சாட் விண்டோ குலுங்கும்.

அந்த மெசஞ்சரின் இன்ஸ்டாலர் ஃபைல் இன்றும் யாரோ ஒருவரின் பழைய ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கலாம். டபுள் கிளிக் செய்தால் இன்ஸ்டால்கூட ஆகிவிடலாம். யூசர் நேம் கேட்கும், பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்துவிட்டு 'சைன் இன்' அழுத்தினால், அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு அடி நகராது. அதே காலத்து வின்ஆம்ப் இன்றைக்கும் பாட்டுப் பாடுகிறது. அதே காலத்து வேர்டில் இன்றைக்கும் லெட்டர் அடிக்கலாம். மெசஞ்சர் மட்டும் ஏன் இப்படி?

"வெர்ஷன் பழசுங்க, சப்போர்ட் எடுத்துட்டாங்க" என்பதுதான் வழக்கமான பதில். அந்த 'எடுத்துட்டாங்க' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பழைய வெர்ஷன் தானாகக் கெட்டுப்போவதில்லை. அதை உள்ளே விடுவதா, வேண்டாமா என்று ஒரு கம்பெனி முடிவெடுக்கிறது. அந்த முடிவை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும். இனிமேலாவது கேட்க வேண்டும்.

சர்வர் கையில் இருக்கும் ஒரு வரி

மெசஞ்சர் என்பது இரண்டு பாதி. ஒன்று நம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, இன்னொன்று கம்பெனியின் சர்வரில். இரண்டும் பேசிக்கொள்ளும் மொழிக்குப் பெயர் புரோட்டோகால். வின்ஆம்ப்புக்கு இந்த இரண்டாவது பாதி தேவையில்லை. பாட்டு ஃபைல் இருந்தால் போதும்.

மைக்ரோசாஃப்ட் 1999 ஜூலையில் வெளியிட்ட எம்எஸ்என் மெசஞ்சரில் இந்தப் பேச்சு எப்படித் தொடங்கும் என்பதை வெளி டெவலப்பர்கள் அன்றே வரி வரியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். லாகின் அழுத்தியதும் நம் கம்ப்யூட்டர் முதலில் தனக்கு எந்தெந்தப் புரோட்டோகால் வெர்ஷன் தெரியும் என்று சொல்லும்: "எனக்கு எம்எஸ்என்பி 8 தெரியும், 9 தெரியும்." அதில் ஒன்றை சர்வர் தேர்ந்தெடுக்கும். எதுவும் ஒத்துவரவில்லை என்றால் கனெக்‌ஷன் கட்.

அடுத்து நம் கம்ப்யூட்டர் தன் விண்டோஸ் எது, மெசஞ்சர் வெர்ஷன் எது என்று சொல்லும். பதிலுக்கு சர்வர் சில விவரங்களை அனுப்பும். எந்த வெர்ஷன் இருந்தால் நல்லது, குறைந்தபட்சம் எந்த வெர்ஷன் இருக்க வேண்டும், புதுசை எங்கே டவுன்லோடு செய்வது.

அந்தக் 'குறைந்தபட்ச வெர்ஷன்' என்ற நம்பரில்தான் மொத்த அதிகாரமும் இருக்கிறது. அதை சர்வரில் மாற்றினால் போதும், நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய சாஃப்ட்வேர் காலையில் "அப்டேட் பண்ணு, இல்லைன்னா வெளியே நில்லு" என்று சொல்லும். நம் கம்ப்யூட்டரில் ஒரு பைட்கூட மாறியிருக்காது.

1999: கதவைத் தட்டியவர்

எம்எஸ்என் மெசஞ்சர் வந்தபோது அமெரிக்காவில் சாட் உலகத்தின் ராஜா ஏஓஎல். அதன் ஏஐஎம் மெசஞ்சர் 1997-லேயே வந்துவிட்டது. 1996-ல் இஸ்ரேலில் பிறந்த ஐசிக்யூவையும் 1998-ல் ஏஓஎல் வாங்கியிருந்தது. புதிதாக வந்த மைக்ரோசாஃப்டிடம் சாஃப்ட்வேர் இருந்தது, பேச ஆள் இல்லை. அதனால் ஒரு வேலை செய்தது. எம்எஸ்என் மெசஞ்சருக்குள் இருந்தபடியே ஏஐஎம் நண்பர்களோடும் பேசலாம் என்று வசதி கொடுத்தது. ஏஓஎல்லிடம் அனுமதி வாங்கவில்லை. ஏஐஎம் மொழியைக் கற்றுக்கொண்டு, ஏஐஎம் போலவே பேசியது.

ஏஓஎல் சும்மா இருக்குமா? உடனே தடுத்தது. மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் விட்டு மறுபடி உள்ளே வந்தது. மறுபடி தடை, மறுபடி அப்டேட். வாரக்கணக்கில் இதே ஆட்டம். கடைசியில் ஏஓஎல் எடுத்த ஆயுதம் விசித்திரமானது. தன் சொந்த ஏஐஎம் சாஃப்ட்வேரில் இருந்த 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்ற பாதுகாப்பு ஓட்டையையே அடையாள அட்டையாக மாற்றியது. சர்வர் ஒரு வினோதமான மெசேஜ் அனுப்பும். ஓட்டை உள்ள அசல் ஏஐஎம் மட்டும்தான் அதற்குச் சரியான பதில் கொடுக்க முடியும். ஓட்டை இல்லாத எம்எஸ்என் மாட்டிக்கொள்ளும். அப்போது மைக்ரோசாஃப்டில் இந்த வேலையைச் செய்த இன்ஜினீயர் டேவிட் அவர்பாக் பின்னாளில் இந்தக் கதையை விரிவாக எழுதியிருக்கிறார். 1999 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கையைத் தூக்கிவிட்டது.

அதாவது, போட்டியாளரை வெளியே நிறுத்துவதற்காகத் தன் பயனர்களின் கம்ப்யூட்டரில் இருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை ஒரு கம்பெனி பயன்படுத்திக்கொண்டது. 'கம்பேட்டிபிலிட்டி பிரச்னை' என்று சொல்லப்படுவதெல்லாம் தொழில்நுட்பப் பிரச்னை அல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

2003: தட்டியவரே பூட்டினார்

1999-ல் மைக்ரோசாஃப்ட் திறந்த மெசேஜிங்குக்காகக் குரல் கொடுத்தது. தன் புரோட்டோகாலின் ஆரம்ப வெர்ஷனை இணையத் தர நிர்ணய அமைப்பான ஐஇடிஎஃப்பிடம் வரைவாகவே வெளியிட்டது. "பாருங்க, நாங்க எதையும் மறைக்கல."

நான்கே வருடம். 2003 அக்டோபர் 15-ம் தேதியோடு பழைய புரோட்டோகால் வெர்ஷன்களை அதே மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வெளியிட்ட அந்த ஆரம்ப வெர்ஷனும் அதில் போனது. பழைய மெசஞ்சர் வைத்திருந்தவர்கள் அப்டேட் செய்தே ஆக வேண்டும். ஒரே விண்டோவில் யாஹூ, எம்எஸ்என், ஏஐஎம் எல்லாவற்றையும் காட்டிய டிரில்லியன் போன்ற வெளி சாஃப்ட்வேர்களுக்கும் சிக்கல். சொல்லப்பட்ட காரணம், பாதுகாப்பு. கூட்டம் சேரும் வரை திறந்த கதவு, கூட்டம் சேர்ந்த பிறகு பூட்டு. ஏஓஎல்லை விட மைக்ரோசாஃப்ட் நல்ல கம்பெனியும் இல்லை, கெட்ட கம்பெனியும் இல்லை. இடம் மாறியதும் நியாயமும் மாறியது.

எல்லா அப்டேட்டும் சூழ்ச்சியா?

இல்லை. அப்படிச் சொன்னால் அது நேர்மையாக இருக்காது. 2007 செப்டம்பரில் எம்எஸ்என் மெசஞ்சரின் பல வெர்ஷன்களில் ஒரு மோசமான ஓட்டை வெளிவந்தது. முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பும் வெப்கேம் அழைப்பை ஏற்றால், கம்ப்யூட்டரே அவர் கைக்குப் போய்விடலாம். மைக்ரோசாஃப்ட் அனைவரையும் 8.1 வெர்ஷனுக்கு மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. சரியான முடிவு.

அதே சம்பவத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 2000 வைத்திருந்தவர்களின் கம்ப்யூட்டரில் 8.1 ஏறாது. அவர்களை அம்போவென்று விடாமல், ஓட்டையை மட்டும் அடைத்த 7.0 வெர்ஷன் ஒன்றைத் தனியாகக் கொடுத்தார்கள். சர்வர் இரண்டையும் ஏற்றது. மனசு வைத்தால் பாதுகாப்பும் பழைய வெர்ஷனும் ஒரே நேரத்தில் முடியும் என்று மைக்ரோசாஃப்டே செய்து காட்டிய உதாரணம் இது. இதற்குப் பணம் செலவாகும், ஆட்கள் வேண்டும், காலகாலத்துக்கும் செய்ய முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் "முடியாது" என்பதும் "லாபமில்லை" என்பதும் வேறு வேறு. பயனருக்கு எதைச் சொல்கிறோம் என்பதில் கம்பெனிகள் தெளிவாக இருக்க வேண்டும்.

யாஹூ செய்ததைப் பாருங்கள். 2015 டிசம்பரில் புது மெசஞ்சர் ஒன்றைக் கொண்டுவந்தது. 2016 ஆகஸ்ட் 5-ம் தேதி பழைய மெசஞ்சரை நிறுத்தியது. "புதுசுக்கு வாங்க" என்றது. வந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு, 2018 ஜூலை 17 அன்று புதுசும் மூடப்பட்டது. அப்டேட் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் இடையே இரண்டு வருடம்கூட வித்தியாசமில்லை.

ஜிடாக்: திறந்து மூடிய வாசல்

இன்றைய முப்பதுகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கமான கதை. 2005 ஆகஸ்டில் வந்த கூகுள் டாக், எக்ஸ்எம்பிபி என்ற பொதுப் புரோட்டோகாலில் ஓடியது. யாருடைய சொத்தும் இல்லாத மொழி அது. 2006-ல் கூகுள் இன்னும் ஒரு படி போய், வேறு எக்ஸ்எம்பிபி சர்வர்களில் இருப்பவர்களோடும் பேசலாம் என்று வாசலைத் திறந்தது. இமெயில் எப்படியோ அப்படி. ஜிமெயிலில் இருந்து யாஹூ மெயிலுக்குப் போவது போல, ஜிடாக்கில் இருந்து ஒரு கல்லூரியின் சொந்த சர்வருக்கும் மெசேஜ் போகும்.

2013 மே மாதம் ஹேங்கவுட்ஸ் வந்தது. வாசல் சாத்தப்பட ஆரம்பித்தது. 2015-ல் விண்டோஸ் ஜிடாக் ஆப் போனது. 2022 ஜூன் 16-ம் தேதியோடு, பிட்ஜின் போன்ற வெளி ஆப்களில் ஜிடாக் பயன்படுத்திக்கொண்டிருந்த கடைசி ஆட்களும் வெளியேற்றப்பட்டார்கள். அதே வருடம் நவம்பரில் ஹேங்கவுட்ஸும் மூடப்பட்டது.

எக்ஸ்எம்பிபி இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் அதில் ஒரு சர்வர் போடலாம். கூகுள் வெளியே போனதால் மொழி சாகவில்லை. ஜிடாக்கில் இருந்தவர்களின் தொடர்புகள்தான் அறுந்தன.

செத்ததை எழுப்பிய ஆட்கள்

மைக்ரோசாஃப்ட் 2011-ல் ஸ்கைப்பை 850 கோடி டாலருக்கு வாங்கியது. 2013 ஏப்ரலில் மெசஞ்சரை மூடி, எல்லோரையும் ஸ்கைப்புக்குப் போகச் சொன்னது. சீனாவில் மட்டும் 2014 அக்டோபர் வரை மெசஞ்சர் ஓடியது. ஒரு நாட்டில் ஓடுகிறது, இன்னொரு நாட்டில் ஓடவில்லை என்றால் அதை எப்படித் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்வது?

மற்ற நாடுகளிலும் பின்னணி சர்வர்கள் ஒரே நாளில் அணைக்கப்படவில்லை. அதைக் கண்டுபிடித்த ரசிகர்கள் 'மெசஞ்சர் ரிவைவர்' என்ற சின்ன டூல் மூலம் பழைய மெசஞ்சரிலேயே இன்னும் சில காலம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சர்வர்களும் போன பிறகு வந்தது 'எஸ்கார்கோ'. தன்னார்வலர்கள் எம்எஸ்என் புரோட்டோகாலைப் படித்து, அதே மொழி பேசும் புது சர்வரைத் தாங்களே எழுதினார்கள். பழைய மெசஞ்சர் ஃபைலில் சர்வர் முகவரியை மாற்றிக் கொடுத்தால் போதும். இருபது வருடத்துக்கு முந்தைய 7.5 வெர்ஷன் இன்றைய விண்டோஸில் லாகின் ஆகிறது, பச்சை பொம்மை சுற்றுகிறது, 'நட்ஜ்' கொடுத்தால் விண்டோ ஆடுகிறது. சாஃப்ட்வேர் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது என்பதற்கு இது போதும்.

ஆனால் எஸ்கார்கோவில் பழைய ஐடி இல்லை, பழைய நண்பர்கள் லிஸ்ட் இல்லை, பழைய பேச்சும் இல்லை. வீட்டைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். குடியிருந்தவர்கள் வரவில்லை.

பேசியதெல்லாம் எங்கே?

அந்தப் பழைய பேச்சுகளின் கதி, ஃபைல் எந்த வடிவத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. எம்எஸ்என் மெசஞ்சரில் சாட்டைச் சேமிக்கும் வசதியை ஆன் செய்து வைத்திருந்தால், அது சாதாரண எக்ஸ்எம்எல் ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் உட்கார்ந்திருக்கும். இன்றைக்கும் நோட்பேடில் திறந்து படிக்கலாம். யாஹூ அதையே நமது ஐடியைச் சாவியாக வைத்துக் குழப்பி எழுதியது. டிகோடர் டூலும் பழைய ஐடியும் இருந்தால்தான் படிக்க முடியும். இரண்டு மெசஞ்சர்களும் போய்விட்டன. ஒன்று விட்டுச்சென்ற எழுத்தை யாரும் படிக்கலாம், இன்னொன்றுக்கு வித்தை வேண்டும்.

சர்வரில் இருந்தவற்றின் நிலைமை இன்னும் மோசம். யாஹூ மூடியபோது சாட் ஹிஸ்டரியை டவுன்லோடு செய்ய 2018 நவம்பர் கடைசி வரை நேரம் கொடுத்தது. ஸ்கைப் 2025 மே 5-ம் தேதி மூடப்பட்டது. அதன் டேட்டாவை எடுத்துக்கொள்ள 2026 ஜனவரி வரை அவகாசம் அறிவிக்கப்பட்டது. பாஸ்வேர்டு மறந்தவர்கள், வெளியூரில் இருந்தவர்கள், இறந்துபோன அப்பாவின் அக்கவுன்ட்டைத் திறக்கத் தெரியாத பிள்ளைகள் எல்லோருக்கும் அதே கெடுதான்.

"இதெல்லாம் பழங்கதை... வாட்ஸ்அப் எங்கேயும் போகாது"

ஏஓஎல்லையும் அப்படித்தான் நினைத்தார்கள். அது போகட்டும். வாட்ஸ்அப் மூடப்பட வேண்டிய அவசியமே இல்லை, குறைந்தபட்ச வெர்ஷன் மாறினாலே போதும். நோக்கியா எஸ்60 போன்களில் 2017 ஜூனில் வாட்ஸ்அப் நின்றது. அதே வருடக் கடைசியில் பிளாக்பெரியில், 2019 கடைசியில் விண்டோஸ் போனில். 2025 மே முதல் ஐஓஎஸ் 15.1-க்குக் கீழே உள்ள ஐபோன்களில் இல்லை.

ஜியோபோனை யோசித்துப் பாருங்கள். பட்டன் போன்தான். ஆனால் 2018 செப்டம்பரில் அதில் வாட்ஸ்அப் வந்தபோது, ஸ்மார்ட்போன் வாங்க முடியாத வீடுகளில் அது பெரிய விஷயம். 2024-ல் அந்த வகை போன்களுக்கு வாட்ஸ்அப் டவுன்லோடு நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தோடு ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் முடிந்தது. போன் ரிப்பேர் ஆகவில்லை, பேட்டரி நன்றாக இருக்கிறது, பேரனின் போட்டோ மட்டும் வராது. நகரத்தில் இருப்பவருக்கு வெர்ஷன் அப்டேட் என்பது வைஃபையில் இரண்டு நிமிட வேலை. அந்தப் பாட்டிக்கு அது ஒரு புது போன் வாங்கும் செலவு.

பணம் போகுது, 'ஹாய்' போகாதா?

இந்தியாவில் இதற்கு விடை ஏற்கெனவே நம் பாக்கெட்டில் இருக்கிறது. 2016-ல் வந்த யுபிஐயில், கூகுள் பேயில் இருந்து போன்பேக்குப் பணம் போகிறது. டீக்கடைக்காரர் எந்த ஆப் வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் இருந்து டெலிகிராமுக்கு ஒரு 'ஹாய்' அனுப்ப முடியாது. பணத்தை விட 'ஹாய்' கஷ்டமான சரக்கா என்ன?

ஐரோப்பிய யூனியன் இதைச் சட்டமாகவே கொண்டுவந்துவிட்டது. டிஜிட்டல் சந்தைகள் சட்டப்படி 2024 மார்ச் முதல், பெரிய மெசேஜிங் ஆப்கள் கேட்கும் சிறிய ஆப்களோடு இணைந்து பேச வேண்டும். 2025 நவம்பரில் வாட்ஸ்அப் முதல்முறையாக இரண்டு சிறிய வெளி ஆப்களோடு ஐரோப்பாவில் பேசுவதாக அறிவித்தது. இங்கேயும் அரட்டை ஆப் பேசுபொருளான 2025-ல், மெசேஜிங் என்பது யுபிஐ, இமெயில் போல ஒன்றோடு ஒன்று பேச வேண்டும் என்று சோஹோவின் ஸ்ரீதர் வேம்பு எக்ஸ் தளத்தில் எழுதினார். நல்ல பேச்சு. 1999-ல் மைக்ரோசாஃப்ட் பேசியதும், 2006-ல் கூகுள் பேசியதும் நல்ல பேச்சுதான். கூட்டம் சேர்ந்த பிறகும் வாசல் திறந்திருந்தால்தான் நம்ப முடியும்.

எதிர்வாதமும் கனமானது. எல்லோரும் ஒரே புரோட்டோகாலில் கட்டுப்பட்டால் மாற்றம் மெதுவாகிவிடும், புதுப் பாதுகாப்பு வசதிகளைச் சட்டென்று கொண்டுவர முடியாது என்று சிக்னல் ஆப்பை உருவாக்கிய மாக்சி மார்லின்ஸ்பைக் 2016-லேயே எழுதினார். சிக்னலின் பழைய வெர்ஷன்கள் சுமார் மூன்று மாதத்தில் காலாவதியாகிவிடும். கறாரான விதிதான். ஆனால் சிக்னலின் கோடு பொதுவெளியில் இருக்கிறது. நாளை அது மூடப்பட்டால் வேறு யாராவது எடுத்து நடத்த வழி உண்டு. எம்எஸ்என் ரசிகர்கள் போல ஒவ்வொரு வரியாக மோப்பம் பிடிக்க வேண்டியதில்லை. கறாராக இருக்கட்டும், பூட்டிவிட்டுச் சாவியோடு போகாமல் இருந்தால் சரி.

கேட்க வேண்டியது பெரிய விஷயங்கள் இல்லை. குறைந்தபட்ச வெர்ஷனை உயர்த்தினால் உண்மையான காரணத்தைப் பல மாதங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். பேசியதையெல்லாம் யாரும் திறந்து படிக்கக்கூடிய வடிவத்தில், எந்த நாளிலும் எடுத்துக்கொள்ள வழி வேண்டும், மூடுவிழா அறிவித்த பிறகு மட்டும் அல்ல. ஒரு சர்வீஸை மூடும்போது அதன் புரோட்டோகாலை வெளியிட வேண்டும். லாபம் இல்லை என்று விட்டுப்போகிறவர்களுக்கு அந்த ரகசியத்தால் இனி என்ன பயன்?

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ஒரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் முக்கியமான ஒரு சாட்டைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்தால், அது சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாக வந்து விழும். அம்மாவோடு பேசியது, ஃப்ரெண்ட்ஸ் குரூப், யாருடையதாகவும் இருக்கட்டும். அந்த ஃபைலைத் திறக்க எந்த வெர்ஷனும் தேவையில்லை, எந்த சர்வரின் அனுமதியும் தேவையில்லை. இருபது வருடம் கழித்தும் நோட்பேடில் திறக்கும்.